அளந்தால் 56, டீச்சர் போட்டது 59: மகளின் விடை எங்கே தவறியது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

மகளுக்கு 13 வயது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகளும் கணிதத்தில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள். இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் 1, டிஎல்பி எனும் இருமொழித் திட்ட வகுப்பு. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில். கோடுகளும் கோணங்களும் என்ற பாடம் தொடங்கியதிலிருந்து மதிப்பெண் இறங்கிக்கொண்டே வருகிறது. அண்மையில் நடந்த சோதனையில் 30-க்கு 11. அதில் இரண்டு கேள்விகளைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்.

முதல் கேள்வி இது. ப, க, ம என்ற மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. மேலே ச என்று ஒரு புள்ளி. க, ம, ச மூன்றையும் இணைத்து ஒரு முக்கோணம். க-வில், முக்கோணத்துக்கு வெளியே ப பக்கமாக இருக்கும் கோணம் 118 பாகை என்று கொடுத்திருக்கிறார்கள். உச்சியில், அதாவது ச-வில், உள்ள கோணம் என்ன? மகள் எழுதியது 56. டீச்சர் சிவப்பு மையில் அடித்துவிட்டு 59 என்று போட்டிருக்கிறார். பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் டெக்னீஷியனாக வேலை செய்யும் அப்பா, பாகைமானியை எடுத்து அந்தத் தாளிலேயே அளந்து பார்த்திருக்கிறார். 56 வந்திருக்கிறது. மூன்று கோணங்களையும் கூட்டியிருக்கிறார்: 62, 62, 56. சரியாக 180. "பிள்ளையின் விடை சரி, டீச்சருக்குத்தான் தெரியவில்லை" என்று பள்ளி முதல்வருக்குப் புகார்க் கடிதமும் எழுதி வைத்துவிட்டார்.

இரண்டாவது கேள்வியில், ஒரு செங்கோணத்தை நடுவில் ஒரு கோடு இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பகுதி 2அ, மற்றொன்று அ + 15. இரண்டு கோணங்களையும் காண வேண்டும். மகளின் விடை 110, 70. "கோணம் என்றாலே கூட்டினால் 180 என்றுதான் நான் படித்தேன், அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்கிறார் தாயார்.

அவர் என்னிடம் கேட்பது மூன்று. புகார்க் கடிதத்தைக் கொடுக்கலாமா? டிஎல்பி வகுப்பிலிருந்து மாற்றி, இன்னொரு டியூஷனும் சேர்க்கலாமா? இப்போதே இப்படியென்றால், படிவம் 4-இல் கூடுதல் கணிதம் எடுக்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டியதுதானா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகளின் தாளை நிதானமாகப் பார்த்தேன். அவளுக்குக் கூட்டத் தெரிகிறது, கழிக்கத் தெரிகிறது, சமன்பாடு போடவும் தெரிகிறது. நேர்கோட்டில் 180-லிருந்து 118-ஐக் கழித்து 62 என்று கண்டுபிடித்தது முழுக்கச் சரி. அதற்கு அடுத்த அடியில்தான் சறுக்கியிருக்கிறாள். அந்த ஓர் அடியைப் புரிந்துகொண்டால் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிடும்.

படத்தில் இருந்த இரண்டு சிறு கோடுகள்

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். க-வையும் ம-வையும் இணைக்கும் பக்கத்தின் நடுவே ஒரு சிறு குறுக்குக் கோடு இருக்கும். க-வையும் ச-வையும் இணைக்கும் பக்கத்திலும் அதே மாதிரி ஒன்று இருக்கும். அந்த இரண்டு பக்கங்களும் சம நீளம் என்று சொல்லும் குறி அது. ஆகவே இது இருசமபக்க முக்கோணம். சமமான இரண்டு பக்கங்களும் சேரும் மூலை க. இருசமபக்க முக்கோணத்தில் சம பக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள்தான் சமம். இங்கே அவை ம-விலும் ச-விலும் இருக்கின்றன.

உங்கள் மகள் என்ன செய்திருக்கிறாள்? கீழே இருக்கும் இரண்டு கோணங்களும் சமம் என்று எடுத்துக்கொண்டாள். அவள் பார்த்துப் பழகிய இருசமபக்க முக்கோணங்கள் எல்லாம் கூரை போல நேராக நின்றவை. அடியில் இருந்த இரண்டும்தான் சமமாக இருந்தன. அந்தப் பழக்கத்தில் ம-வில் 62 என்று வைத்துவிட்டாள். பிறகு 180-லிருந்து 124-ஐக் கழித்தாள், 56 வந்தது. கணக்கில் பிழையே இல்லை. தொடங்கிய இடம்தான் பிழை.

சரியான வழி இது: க-வில் 62. மிச்சம் 118. அதை ம-வும் ச-வும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆளுக்கு 59.

இதையே இன்னொரு வழியிலும் பார்க்கலாம். உங்கள் கணவரிடம் இந்த வழியைக் காட்டுங்கள். முக்கோணத்தின் ஒரு பக்கத்தை நீட்டினால் வெளியே உண்டாகும் கோணம், அதை ஒட்டியில்லாத இரண்டு உட்கோணங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம். 118 என்பது க-வில் உள்ள வெளிக்கோணம். ஆகவே ம-வும் ச-வும் சேர்ந்து 118. இரண்டும் சமம் என்பதால் 59. 62 என்ற எண்ணே தேவைப்படவில்லை. இரண்டு தனித்தனி வழிகள் ஒரே எண்ணில் வந்து நிற்கும்போது அதை நம்பலாம்.

ஆனால் உங்கள் கணவர் கூட்டிப் பார்த்தபோதும் 180 வந்ததே? வரும். 62, 62, 56 கூட்டினாலும் 180. 62, 59, 59 கூட்டினாலும் 180. கடைசிக் கோணத்தை 180-லிருந்து கழித்துத்தானே கண்டுபிடித்தாள்? பிறகு கூட்டினால் 180 வராமல் எங்கே போகும்? கழித்ததைத் திரும்பக் கூட்டுவது கணக்கில் கைப்பிழை இருக்கிறதா என்று மட்டுமே காட்டும். எந்தக் கோணம் எதற்குச் சமம் என்று தவறாக நினைத்திருந்தால் அந்தச் சோதனை அதைப் பிடிக்காது. இந்த நுட்பம் பெரியவர்களுக்கே பல நேரங்களில் தப்பிப்போகிறது. அதனால் உங்கள் கணவர் ஏமாந்துவிட்டார் என்று வீட்டில் யாரும் சொல்லிக்காட்ட வேண்டாம்.

பாகைமானி சொன்னது பொய்யா?

பொய் இல்லை. தாளில் வரைந்திருந்த படத்தில் அந்தக் கோணம் 56-க்கு அருகில்தான் இருந்திருக்கும். ஆனால் சோதனைத் தாளில் உள்ள படம் தகவலைக் காட்டுவதற்காக வரைந்தது. அளப்பதற்காக வரைந்தது இல்லை. படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் கணிதத் தாளிலேயே, வேறுவிதமாகக் குறிப்பிட்டால் தவிர படங்கள் அளவுத் திட்டப்படி வரையப்பட்டவை அல்ல என்ற குறிப்பு இருக்கும். அளந்து எழுது என்று கேள்வி கேட்டால் மட்டும் பாகைமானியை எடுக்க வேண்டும். கணக்கிடு, காண்க என்று கேட்டால் அது பென்சில் பெட்டியிலேயே இருக்கட்டும்.

உங்கள் கணவருக்கு இது புதிய செய்தியாக இருக்காது. தொழிற்சாலையில் இயந்திரப் பாகத்தின் வரைபடம் கையில் வந்தால் அவர் அதன்மேல் ஸ்கேல் வைத்து அளந்து பாகத்தை வெட்டச் சொல்வாரா? மாட்டார். எழுதியிருக்கும் அளவைத்தான் எடுப்பார். வரைபடத்தை அளக்காதே என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருப்பார்கள். போட்டோஸ்டாட் எடுக்கும்போது சுருங்கியிருக்கலாம், ஒரு பக்கம் இழுபட்டிருக்கலாம். மகளின் தாளுக்கும் இதே விதி பொருந்தும் என்று அவரே மகளுக்குச் சொன்னால், நான் சொல்வதைவிட அது ஆழமாக இறங்கும்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். முக்கோணத்தை விசாரிக்கும்போது அது எப்படித் தெரிகிறது என்பதைச் சாட்சியாக எடுக்கக் கூடாது. செங்கோணம் போலத் தெரிந்தாலும், மூலையில் சிறு சதுரக் குறி இல்லையென்றால் அதை 90 என்று எழுத முடியாது. இணைகோடு போலத் தெரிந்தாலும், கோட்டின் மேல் அம்புக்குறி இல்லையென்றால் இணைகோடு என்று எடுக்க முடியாது. கொடுக்கப்பட்ட குறியும் எண்ணும்தான் சாட்சி.

எல்லாம் 180 இல்லை

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இங்கே உங்களை மென்மையாகத் திருத்த வேண்டியிருக்கிறது, சகோதரி. கோணம் என்றாலே 180 என்பது சரியில்லை. முதலில் கேட்க வேண்டியது: இந்தத் துண்டுகள் எல்லாம் சேர்ந்தால் எது முழுமை? நேர்கோட்டின் மேல் ஒரு புள்ளியில், ஒரே பக்கமாக அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தால் முழுமை 180. செங்கோணத்துக்குள் இருந்தால் 90. ஒரு புள்ளியைச் சுற்றி முழு வட்டமாக இருந்தால் 360. முக்கோணத்தின் உள்ளே உள்ள மூன்று மூலைகள் என்றால் 180.

அந்தக் கேள்வியில் மூலையில் சதுரக் குறி இருக்கிறது. ஆகவே 2அ + அ + 15 = 90. மூன்று அ 75, ஒரு அ 25. கோணங்கள் 50, 40. மகள் 180 என்று வைத்ததால் அ 55 ஆகி, 110-உம் 70-உம் வந்தன. 90 பாகைக்குள் 110 பாகைக் கோணம் எப்படி அடங்கும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அவளே அழித்திருப்பாள். விடை வந்ததும் அதைப் படத்துக்குள் திரும்ப வைத்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் அவளுக்கு வரவில்லை. சில வாரப் பயிற்சியில் வந்துவிடும்.

சேர்ந்தால் 90 ஆகும் இரண்டு கோணங்களை நிரப்புக் கோணங்கள் என்கிறோம். 180 ஆகும் இரண்டை மிகை நிரப்புக் கோணங்கள். அவள் வகுப்பில் முறையே காம்ப்ளிமெண்டரி, சப்ளிமெண்டரி. மலாயில் பெலெங்காப், பெங்கெனாப். இரண்டு மொழியிலும் ஒலி ஒன்றுபோல இருப்பதால் பிள்ளைகள் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். படம் கொடுத்திருந்தால் பெயர் நினைவில்லாவிட்டாலும் படமே சொல்லிவிடும். படமில்லாமல் பெயரை மட்டும் சொல்லிக் கேட்கும் கேள்விக்குத்தான் மனப்பாடம் தேவை. அதற்கு ஒரு சிறிய அட்டையில் எழுதி மேசையில் ஒட்டி வைத்தாலே போதும்.

இதில் இன்னும் இரண்டு தவறான எண்ணங்கள் பிள்ளைகளிடம் இருக்கும். ஒன்று, மூன்று கோணங்கள் சேர்ந்து 180 ஆனாலும் மிகை நிரப்பு என்று சொல்வது. அந்தப் பெயர் இரண்டு கோணங்களுக்கு மட்டும்தான். மற்றொன்று, இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் நிரப்புக் கோணம் என்று நினைப்பது. ஒட்டியிருக்க வேண்டியதில்லை. ஒன்று ஒரு மூலையிலும் மற்றொன்று எதிர் மூலையிலும் இருக்கலாம்.

உங்கள் கணவர் வேலைக்குப் பாலத்தைக் கடந்துதானே போகிறார்? 1985-இல் திறந்த பினாங்குப் பாலத்தின் நடுப்பகுதியில் தூண்களிலிருந்து கம்பி வடங்கள் சாய்வாக இறங்கிப் பாதையைத் தாங்குகின்றன. தூண் செங்குத்து, பாதையைக் கிடைமட்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தூண், பாதை, ஒரு வடம், மூன்றும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணம். வடம் பாதையோடு 35 பாகையில் சாய்ந்திருந்தால் தூணோடு அது சாயும் கோணம் 55. முக்கோணத்தின் 180-இல் செங்கோணம் 90-ஐ எடுத்துக்கொண்டது. மிச்சமுள்ள 90-ஐ மற்ற இரண்டு மூலைகளும் பகிர்ந்துகொள்கின்றன. எந்தச் செங்கோண முக்கோணத்திலும் கூர்மையான இரண்டு மூலைகளும் நிரப்புக் கோணங்கள்தான். ஒரு மூலை பாதையிலும் மறு மூலை தூணின் உயரத்திலும் இருந்தாலும் ஒன்று தெரிந்தால் மற்றது தெரிந்துவிடும். அடுத்த முறை காரில் போகும்போது மகளிடம் காட்டச் சொல்லுங்கள்.

180 எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியட்டும்

விதியை நம்பச் சொல்லி மட்டும் விட்டுவிட்டால் அது நிற்காது. வீட்டில் ஒரு மாலை இதைச் செய்யுங்கள். பழைய அட்டைப்பெட்டியில் மூன்று முக்கோணங்களை வெட்டச் சொல்லுங்கள். ஒன்று ஒல்லியாக, ஒன்று பருமனாக, ஒன்று அவள் விருப்பப்படி. ஒவ்வொன்றிலும் மூன்று மூலைகளையும் கிழித்து எடுத்து, முனைகள் ஒரே புள்ளியில் சேரும்படி பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் நேர்கோடு வரும். எத்தனை விதமாக வெட்டினாலும் வரும்.

கிழித்துப் பார்ப்பது நம்பிக்கை தரும்; ஆனால் நிரூபணம் ஆகாது. நிரூபணமும் கடினமில்லை. முக்கோணத்தின் உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரையச் சொல்லுங்கள். கீழே இடப்பக்கம் உள்ள கோணமும், மேலே அந்தக் கோட்டுக்கும் இடப் பக்கத்துக்கும் நடுவே உள்ள கோணமும், இணைகோடுகளை ஒரு கோடு வெட்டும்போது அதன் இரு பக்கமும் மாறி மாறி வரும் ஒன்றுவிட்ட கோணங்கள், ஆகவே சமம். வலப்பக்கமும் அப்படியே. இப்போது முக்கோணத்தின் மூன்று கோணங்களும் மேலே ஒரே நேர்கோட்டில் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. நேர்கோடு என்றால் 180. ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் இதைத் தம் எலிமெண்ட்ஸ் என்ற தொகுப்பின் முதல் நூலில், 32-ஆம் கூற்றில் நிறுவினார். வெளிக்கோண விதியையும் அதே கூற்றில்தான் வைத்தார். உங்கள் மகளின் கேள்விக்கு நான் மேலே காட்டிய இரண்டு வழிகளும் அந்த ஒரே கூற்றின் இரண்டு பாதிகள். இதைச் சொன்னால் அவள் முகம் மலரும் என்று நினைக்கிறேன்.

காரணம் எழுதாமல் எண் எழுத வேண்டாம்

அவள் தாளில் என்னை உண்மையாகவே வருந்த வைத்தது ஒன்று உண்டு. அந்த 56-க்கு முன்னால் ஒரு வரிகூட இல்லை. 180-லிருந்து 118-ஐக் கழித்ததை மனத்துக்குள்ளேயே செய்திருக்கிறாள். அந்த முதல் வரியை எழுதியிருந்தால், கடைசி விடை தவறினாலும் வழிமுறைக்கு மதிப்பெண் கிடைத்திருக்கும். எஸ்பிஎம் இரண்டாம் தாளிலும் வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு.

இனிமேல் ஒவ்வொரு வரியின் வலப்பக்கத்திலும் காரணத்தைச் சுருக்கமாக எழுதச் சொல்லுங்கள். "நேர்கோடு", "இரு பக்கம் சமம்", "முக்கோணம்", "குத்தெதிர்" (இரண்டு கோடுகள் வெட்டும்போது எதிரெதிரே வரும் சம கோணங்கள்) என்று ஒரு சொல் போதும். எந்த மொழியிலும் இருக்கட்டும். ம-வில் 62 என்று எழுதிவிட்டு வலப்பக்கத்தில் "இரு பக்கம் சமம்" என்று எழுதப் போகும்போது எந்த இரு பக்கம் என்று அவள் கண் தேடும். அந்த நொடியில் குறுக்குக் கோடுகள் கண்ணில் படும். டியூஷனில் தனியாகச் சொல்லிக்கொடுக்காத பழக்கம் இது. வீட்டில் பத்து நிமிடத்தில் வந்துவிடும்.

புகார், வகுப்பு மாற்றம், டியூஷன்

புகார்க் கடிதத்தைக் கொடுக்க வேண்டாம். டீச்சர் போட்ட 59 சரி. முதல்வர் அதை டீச்சரிடம் கேட்டு, டீச்சர் விளக்கி, கடைசியில் உங்கள் மகள்தான் வகுப்பில் கூச்சத்தோடு உட்கார வேண்டியிருக்கும். அதே நேரம், விடைத்தாளைப் பற்றிக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாட ஆசிரியரைப் பார்த்து எங்கே மதிப்பெண் போனது, வழிமுறை எழுதினால் எப்படிக் கணக்கிடுவீர்கள், படத்தில் குறிகளை எப்படிப் படிக்கச் சொல்லியிருக்கிறீர்கள் என்று தாராளமாகக் கேட்கலாம். பெற்றோர் வந்து இப்படிக் கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் மகிழ்வார்கள். முடிந்தால் கணவரும் கூட வரட்டும். டீச்சர் 59-ஐ எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை மகள் முன்னிலையில் அவர் கேட்டுக்கொண்டால், வீட்டில் இருக்கும் இறுக்கமும் தளரும். அப்பா சொன்னது ஒன்று, டீச்சர் சொன்னது ஒன்று என்று நடுவில் மாட்டிக்கொண்டிருப்பவள் அவள்தானே?

டிஎல்பி வகுப்பைப் பற்றி: பெற்றோர் சம்மதத்தின் பேரில் பிள்ளைகளைச் சேர்க்கும் திட்டம் அது. ஆகவே பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்றால் பள்ளியிடம் பேச உங்களுக்கு இடமுண்டு. ஆனால் அவள் தாளில் மொழியால் வந்த தவறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. குறியைப் பார்க்காததும், முழுமை எது என்று கேட்காததும் எந்த மொழியிலும் இதே தவறைத்தான் தரும். மாற்றினால் புதிய வகுப்பு, புதிய தோழிகள், மறுபடி புதிய கலைச்சொற்கள். எஸ்பிஎம் கணிதத் தாள் எப்படியும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். இந்த ஆண்டு முழுவதும் பாருங்கள். அறிவியலிலும் கேள்வியே புரியவில்லை என்று அவள் சொன்னால் அப்போது யோசிக்கலாம்.

இன்னொரு டியூஷனும் இப்போது வேண்டாம். இருக்கும் டியூஷனில் பயிற்சித் தாள்களை எண்ணிக்கைக்காகச் செய்வதை விட்டு, ஒரு நாளைக்கு மூன்றே கணக்கு, காரணத்தோடு, என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

கூடுதல் கணிதத்தை மறுக்கும் முடிவை 13 வயதில் ஒரு சோதனையை வைத்து எடுக்கக் கூடாது. அதே சமயம் இந்தப் பாடத்தை அப்படியே விட்டுவிடவும் முடியாது. படிவம் 2-இல் பலகோணம், படிவம் 3-இல் வட்டத்துக்குள் வரும் கோணங்களும் திரிகோணமிதி விகிதங்களும் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. இப்போது இருக்கும் இடைவெளி சிறியது. வருகிற விடுமுறைக்குள் அடைத்துவிடலாம்.

தொடங்குவதற்கு அப்பாவும் மகளும் சேர்ந்து செய்ய ஒரு கணக்கு. க-ச, ட-த என்ற இரண்டு நேர்கோடுகள் ந என்ற புள்ளியில் வெட்டுகின்றன. ந-வில், க-வுக்கும் ட-வுக்கும் இடையே உள்ள கோணம் 3அ. ட-வுக்கும் ச-வுக்கும் இடையே உள்ளது அ + 20. ச-வையும் த-வையும் இணைத்தால் ந, ச, த என்று ஒரு முக்கோணம் வரும். அதில் ந-ச, ந-த இரண்டும் சம நீளம். ச-வில் உள்ள கோணம் என்ன? படத்தை அவளே வரையட்டும். கோணங்கள் சரியாக அமையாவிட்டாலும் பரவாயில்லை. சம பக்கங்களுக்குக் குறுக்குக் கோடு மட்டும் போடாமல் விடக் கூடாது. விடை 30. வழியில் நேர்கோடு ஒரு முறை, குத்தெதிர்க் கோணம் ஒரு முறை, சம பக்கம் ஒரு முறை, முக்கோணம் ஒரு முறை வரும். அவள் வேறு வழியில் வந்திருந்தால் அந்தத் தாளையும் படம் பிடித்து அனுப்புங்கள். பார்த்துப் பதில் எழுதுகிறேன்.